‘டேக்’: ஓர் ஆங்கில வினையை ஒழுங்காகப் பழகிக்கொள்ள முழுமையான வழிகாட்டி

ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டு ஹோட்டல் வேலைக்கோ, டீ ஃபெக்டரியில் டூரிஸ்ட்டுகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலைக்கோ, நானுஓயா ஸ்டேஷனில் த்ரீவீலர் ஓட்டவோ போகிற பிள்ளைகளுக்குத்தான் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற எல்லோரையும் ஒரு சின்னச் சொல் இடறிவிடும்: டேக். அது கஷ்டமான சொல் இல்லை. “டேக்னா எடு தானே சேர்?” என்று முதல் நாளே கணக்கை முடித்துவிடுவதுதான் காரணம்.

நாம் ‘எடு’ என்று சொல்லும் பல இடங்களில் ஆங்கிலத்தில் டேக் வராது. டேக் வரும் பல இடங்களில் தமிழில் எடு வராது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் வேலை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஃபோனில் சுற்றும் ‘டேக் ஓஃப், டேக் ஓவர், டேக் ஆஃப்டர்’ பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். இங்கே அது கடைசிக்கு முந்திய படி.

தொடங்கு முன்

ஒரு கொப்பி, பேனா. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லி, உதாரண வாக்கியமும் தரும் அகராதி ஒன்று. மாணவர்களுக்கான ஒக்ஸ்போர்ட் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, உச்சரிப்பையும் கேட்கலாம். தமிழ்ப் பொருள் மட்டும் தரும் சின்ன அகராதியை இந்த வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். அது டேக் என்றதும் ‘எடு’ என்று எழுதி முடித்துவிடும்.

கேள்வி கேட்கும்போது டூ, டஸ், டிட் எங்கே வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள். கீழே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாயால் சொல்லிப் பார்க்க அது போதும். கொப்பியில் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் ‘எடு’க்களைப் பிடித்து எழுதுங்கள்

ஒரு நாள் முழுக்க வீட்டில், பஸ்ஸில், கடையில் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். எடு வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். கோல் எடுத்தேன், தீபாவளிக்கு உடுப்பு எடுத்தோம், லீவு எடுத்தாரு, கொழுந்து எடுக்கப் போயிருக்கா, இங்கிலிஷ்ல சி எடுத்தான், பசி எடுக்குது, வாந்தி எடுத்துச்சு, ஃபோட்டோ எடு. இப்படி ஒரு பக்கம் சுலபமாக நிரம்பும்.

இப்போதைக்கு மொழிபெயர்க்க வேண்டாம். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் டேக் போட்டுவிடுவீர்கள், அதுவே மனதில் பதிந்துவிடும். பட்டியலை அப்படியே வைத்திருங்கள், ஆறாம் படியில் தேவைப்படும்.

2. ஐந்து வடிவங்களையும் வாயில் ஏற்றுங்கள்

டேக், டேக்ஸ், டுக், டேக்கன், டேக்கிங். பொருளுக்குப் போகும் முன் வடிவம் ஏன் என்றால், பொருள் சரியாக இருந்தும் வடிவம் பிசகி வாக்கியம் விழுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

‘டிட் யூ டுக் த கீ?’ தவறு. டிட் வந்தவுடனேயே இறந்தகாலம் சொல்லியாகிவிட்டது, அப்புறம் வினை பழைய டேக் ஆகத்தான் நிற்கும்: ‘டிட் யூ டேக் த கீ?’ ஹேவ், ஹேஸ் வந்தால் டேக்கன்: ‘ஐ ஹேவ் டேக்கன் த கீ.’ ‘ஐ ஹேவ் டுக்’ கிடையாது. ‘டேக்ட்’ என்று ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை. எழுதும்போது டேக்கிங்கில் கடைசி ‘ஈ’ எழுத்து விழுந்துவிடும்.

உச்சரிப்பில் மூன்று விஷயம். கடைசி ஒலியை ‘டேக்கு’ என்று இழுக்காதீர்கள். டுக் குறில், ‘டூக்’ இல்லை. அடுத்து ‘இட்’ வந்தால் இரண்டும் ஒட்டி ‘டேக்கிட்’ என்றுதான் காதில் விழும். இதைப் பழகாதவர்களுக்கு வெள்ளைக்காரர் ‘டேக்கிட் ஈஸி’ என்றால் புதுச் சொல்லாகக் கேட்கும்.

3. முதல் பொருள்: இங்கிருந்து அங்கே, கூடவே

சாமானைக் கொண்டு போகிறோம், ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், லொறியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிறோம். தமிழில் வேறு வேறு வினைகள், ஆங்கிலத்தில் எல்லாம் டேக். இதை முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம், இங்கே ‘எடு’ என்ற சொல்லே வரவில்லை பாருங்கள். அந்த முடிச்சு இங்கேயே அவிழ வேண்டும்.

வரிசை இது: டேக், யாரை அல்லது எதை, டு, எங்கே. ‘ஐ டுக் மை மதர் டு த ஹொஸ்பிட்டல்.’ அடிக்கடி விடுபடுவது அந்த ‘டு’. தமிழில் ‘ஆஸ்பத்திரிக்கு’ என்று ‘க்கு’ சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், தனியாக ஒரு சொல் வேண்டும் என்று நாக்குக்குத் தோன்றுவதில்லை. ஆனால் ஹோம், தெயார், ஹியர் ஆகியவற்றுக்கு முன்னால் டு வராது: ‘டேக் ஹர் ஹோம்.’

டேக்கா, பிரிங்கா என்று சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள். கொண்டு போ என்று வந்தால் டேக், கொண்டு வா என்று வந்தால் பிரிங். ஃபோனில் ஒருவரிடம் “உங்ககிட்ட கொண்டு வந்து தர்றேன்” என்கிறோமே, அங்கே ஆங்கிலத்திலும் பிரிங்தான். இந்த ஓர் இடத்தில் தமிழை நம்பலாம்.

பஸ்ஸும் ட்ரெயினும் இதே குடும்பம்தான். நாம் பஸ் ஏறுகிறோம், ஆங்கிலத்தில் பஸ்ஸை டேக் பண்ணுகிறார்கள். ‘ஐ கிளைம்ப்ட் த பஸ்’ என்றால் கேட்பவர் நீங்கள் கூரை மேல் ஏறியதாக நினைப்பார். ஏறும் அந்தச் செயலை மட்டும் சொல்ல ‘கெட் ஓன்’ இருக்கிறது. வழி சொல்லும்போது இப்படி வரும்: ‘டேக் த ட்ரெயின் டு நானுஓயா, தென் டேக் எ த்ரீவீலர் டு நுவரெலியா.’ நுவரெலியா டவுனில் ஸ்டேஷன் இல்லாததால் இந்த வாக்கியம் இங்கே தினமும் தேவைப்படும். மனப்பாடமே செய்துவிடுங்கள்.

4. அடுத்து: நேரம் எடுப்பதும், தேவைப்படுவதும்

நாமும் “ரெண்டு மணித்தியாலம் எடுக்கும்” என்கிறோம். அதனால் பொருள் புரிவதில் கஷ்டமில்லை, வாக்கிய அமைப்பில்தான் சிக்கல்.

‘ஹவ் மச் டைம் டேக்கிங்?’ என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ‘ஹவ் லோங் டஸ் இட் டேக்?’ பதில்: ‘இட் டேக்ஸ் எபவுட் த்ரீ அவர்ஸ் டு கோ டு எல்ல பை ட்ரெயின்.’ நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு அவ்வளவு நேரம் ஆகும். தொடக்கத்தில் உள்ள ‘இட்’டை விடாதீர்கள். தமிழில் எழுவாயே இல்லாமல் “மூணு மணித்தியாலம் எடுக்கும்” என்று சொல்ல முடியும். ஆங்கிலத்தில் அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்பியே ஆக வேண்டும்.

யாருக்கு அவ்வளவு நேரம் என்பதை டேக்குக்குப் பின்னாலேயே வையுங்கள்: ‘இட் டுக் அஸ் ஃபோர் அவர்ஸ் டு கிளைம்ப்.’ நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறிய கதையைச் சொல்ல இந்த வாக்கியம் உதவும். ‘ஃபோர் கிளைம்ப்’ அல்ல, ‘டு கிளைம்ப்’.

நேரத்தைப் போலவே தேவைப்படும் பொருளையும் இதே அச்சில் சொல்லலாம். ஃபெக்டரியில் கைட் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் தரும் வாக்கியம்: ‘இட் டேக்ஸ் மோர் தேன் ஃபோர் கிலோஸ் ஒஃப் கிரீன் லீஃப் டு மேக் வன் கிலோ ஒஃப் டீ.’ ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டும் என்பது கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். டூரிஸ்ட்டுகள் இதைக் கேட்டுக் கண்ணை விரிப்பார்கள்.

5. விருந்தாளி வாயிலிருந்து வரும் டேக்

இதுவரை நீங்கள் பேசும் டேக். இனி உங்களிடம் கேட்கப்படும் டேக். புத்தகங்கள் இதற்கு அதிகம் இடம் கொடுப்பதில்லை, ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே இது வந்துவிடும்.

ஸ்டேஷன் வாசலில் பெரிய பேக்குகளோடு நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவர் த்ரீவீலர் தம்பியிடம், ‘கேன் யூ டேக் ஃபோர்?’ என்கிறார். நாலு என்று காதில் விழுந்ததும் நானூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார் என்று நினைத்து, “நோ நோ சேர், தௌசண்ட்” என்கிறான் அவன். ஆயிரம் பேரையா என்று அவர்கள் சிரிக்கிறார்கள். அவர் கேட்டது நாலு பேருக்கு இடம் இருக்கிறதா என்று. பதில்: ‘ஸொரி, ஐ கேன் ஒன்லி டேக் த்ரீ.’ இங்கே டேக் என்றால் கொள்ளுதல். ஹோல் எத்தனை பேரை டேக் பண்ணும், வாளி எத்தனை லீட்டர் டேக் பண்ணும் என்பதெல்லாம் இதே வகை.

‘டூ யூ டேக் கார்ட்ஸ்?’ என்றால் கார்ட் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்கிறார். யாரும் கார்டைப் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. ‘யெஸ், வி டூ’ அல்லது ‘ஸொரி, கேஷ் ஒன்லி.’

‘டூ யூ டேக் மில்க்?’ என்று தேநீர் ஊற்றும்போது கேட்பது வழக்கத்தைப் பற்றி. பால் சேர்த்துக் குடிக்கும் பழக்கம் உண்டா என்று பொருள். நீங்களும் விருந்தாளியிடம் இப்படியே கேட்கலாம், ‘யூ வோண்ட் மில்க்?’ என்பதைவிட மரியாதையாக இருக்கும். ப்ளேன் டீ குடிப்பவர் ‘நோ, தேங்க்ஸ்’ என்பார்.

கடையில் ‘ஐ’ல் டேக் டூ’ என்று ஒருவர் சொன்னால் வியாபாரம் முடிந்தது, இரண்டு பாக்கெட் கட்டிக் கொடுங்கள். இலவசமாகக் கேட்கிறாரோ என்று முழிக்க வேண்டாம்.

கடைசியாக, பொடி மெனிகே ட்ரெயினில் போகும்போது யாராவது உங்கள் பக்கத்து இருக்கையைக் காட்டி ‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’ என்பார்கள். இடம் காலியாக இருந்தால் பதில் ‘நோ’. நம் பிள்ளைகள் உபசரிக்கும் வேகத்தில் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டுவார்கள், கேட்டவர் வேறு இடம் தேடிப் போய்விடுவார். ‘டேக்கன்’ என்றால் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. “இங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று தமிழில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? “இல்ல, உக்காருங்க.” அதையேதான் அங்கேயும் சொல்ல வேண்டும்: ‘நோ, ப்ளீஸ் சிட்.’

6. இப்போது பட்டியலைப் பிரியுங்கள்

முதல் படியில் எழுதிய பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி இடுங்கள்: டேக் பொருந்தும், பொருந்தாது, பொருந்தும் ஆனால் பொருள் மாறிவிடும். அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

பொருந்துபவை சுலபம். ஃபோட்டோ எடுக்க டேக் எ ஃபோட்டோ. ஒரு நாள் லீவு எடுக்க டேக் எ டே ஓஃப். மூச்சு எடுக்க டேக் எ பிரெத். நடவடிக்கை எடுக்க டேக் எக்‌ஷன். தையல் கடையில் அளவு எடுப்பது, கிளினிக்கில் இரத்தம் எடுப்பது எல்லாம் டேக்தான். மருந்தை நாம் குடிக்கிறோம், மாத்திரையைப் போடுகிறோம், ஆங்கிலத்தில் இரண்டுமே டேக். ‘ஈட் மெடிசின்’ என்று சொல்ல வேண்டாம். முடிவெடுக்க டேக் எ டிசிஷன் என்றாலும் பிழையில்லை, மேக் எ டிசிஷன் என்பது இன்னும் பரவலாக வழங்குகிறது.

பொருந்தாதவைதான் பட்டியலில் அதிகம் இருக்கும். உடுப்பு எடுத்தோம் என்பதற்கு ‘வி டுக் க்ளோத்ஸ்’ என்றால் பையில் போட்டு எங்கோ கொண்டுபோனீர்கள் என்றாகும், கடையில் சொன்னால் இன்னும் மோசம். காசு கொடுத்து வாங்கியதற்கு பை என்ற வினை, இறந்தகாலத்தில் போட். மார்க்ஸ் எடுத்ததற்கும் சம்பளம் எடுத்ததற்கும் கெட், கொட். வீடு வாடகைக்கு எடுப்பது ரென்ட். ஏ.டி.எம்.மில் காசு எடுப்பது வித்ட்ரோ. பசி எடுக்குது, தாகம் எடுக்குது என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் எடுக்க ஒன்றுமே இல்லை: ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் தேர்ஸ்டி’. வாந்தி எடுப்பதற்குத் தனி வினை இருக்கிறது, வொமிட். முயற்சி எடுப்பது மேக் என் எஃபர்ட்.

கொழுந்து எடுப்பது பிளக். ‘ஷி டேக்ஸ் டீ’ என்று அம்மாவின் வேலையைச் சொன்ன பிள்ளைகள் உண்டு. கேட்பவருக்கு அது “அவர் தேநீர் குடிப்பார்” என்றுதான் படும். ‘ஷி பிளக்ஸ் டீ’ அல்லது ‘ஷி இஸ் எ டீ பிளக்கர்’ என்று சொல்லிப் பழகுங்கள். நேர்முகத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் இந்த ஒரு வரி நிச்சயம் வேண்டும்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது. பிழை என்று யாரும் திருத்த மாட்டார்கள், தப்பாகப் புரிந்துகொண்டு போய்விடுவார்கள்.

நாம் “அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்” என்றால் நாம்தான் அழைத்தோம். ஆங்கிலத்தில் டேக் எ கோல் என்றால் வந்த அழைப்பை எடுத்துப் பேசுவது. மெனேஜர் ‘கேன் யூ டேக் திஸ் கோல்?’ என்றால் மணி அடிக்கும் ஃபோனைத் தூக்க வேண்டும், புதிதாக யாருக்கும் அடிக்கக் கூடாது. நீங்கள் அழைத்ததைச் சொல்ல ‘ஐ கோல்ட் மை மதர்’ போதும்.

பகல் சாப்பாடு எடுத்தேன் என்று சொல்ல வந்து ‘ஐ டுக் லஞ்ச்’ என்றால் பார்சலைக் கையோடு கொண்டுபோனதாகவும் பொருள்படும். சாப்பிட்டதைச் சொல்ல ‘ஐ ஹேட் லஞ்ச்’ குழப்பமில்லாதது. பாடம் எடுப்பதிலும் இதே சங்கடம். ‘ஐ டேக் எ கிளாஸ்’ என்றால் நீங்கள் படிக்கிறீர்களா, படிப்பிக்கிறீர்களா என்று தெரியாது. படிப்பித்தால் டீச் என்றே சொல்லிவிடுங்கள். பரீட்சை எழுதுவதற்கு ‘ரைட்’ போடுவதைவிட டேக் என் எக்ஸாம் அல்லது சிட் என் எக்ஸாம் நல்லது. டேக் என்றதும் பாஸானதாக நினைக்காதீர்கள், உட்கார்ந்து எழுதியதை மட்டுமே அது சொல்கிறது.

7. கூட்டாளிச் சொற்கள்

சில சொற்கள் டேக்கோடு சேர்ந்து ஒரே சொல்லாக நடக்கும். நாலு போதும். டேக் பார்ட் இன், கலந்துகொள்வது. ‘இன்’ விடுபடக் கூடாது. டேக் கெயார் ஒஃப், பார்த்துக்கொள்வது. ‘ஒஃப்’ இல்லாமல் வெறும் ‘டேக் கெயார்’ என்றால் விடைபெறும்போது சொல்லும் “கவனமா போயிட்டு வாங்க”. டேக் டேர்ன்ஸ், முறை வைத்துச் செய்வது.

நாலாவது டேக் பிளேஸ், நடைபெறுவது. இதில் ஒரே ஒரு பிழையைத்தான் ஓயாமல் பார்க்கிறேன்: ‘த ஃபெஸ்டிவல் வோஸ் டேக்கன் பிளேஸ்.’ திருவிழா நடத்தப்பட்டது என்று தமிழில் நினைப்பதால் வரும் ‘வோஸ்’ அது. திருவிழா தானாகவே நடக்கட்டும்: ‘த ஃபெஸ்டிவல் டுக் பிளேஸ் இன் மார்ச்.’

8. இப்போதுதான் ஓஃப், ஓவர், ஆஃப்டர்

முதல் பொருள் உறுதியானால் இவற்றில் பல தாமாகவே புரியும். டேக் அவுட் வெளியே எடுப்பது, டேக் பேக் திருப்பிக் கொண்டுபோவது, டேக் அவே அப்புறப்படுத்துவது. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தனியாகப் படிக்க வேண்டியவை கொஞ்சம். டேக் ஓஃப் என்றால் உடுத்தியதை, போட்டதைக் கழற்றுவது. விமானம் கிளம்புவதும் இதுதான். கோயில் வாசலில் டூரிஸ்ட்டுகளிடம் ‘ப்ளீஸ் டேக் ஓஃப் யுவர் ஷூஸ்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். ‘ரிமூவ்’ என்றாலும் சரி, ஆனால் அது போர்டில் எழுதும் மொழி. டேக் ஓவர் பொறுப்பேற்பது: தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தால் ‘த நியூ மெனேஜர் டுக் ஓவர் லாஸ்ட் மன்த்.’ டேக் ஆஃப்டர் சாயலில் ஒத்திருப்பது: அப்பாயி மாதிரியே இருக்கிற பேத்தியைப் பற்றி ‘ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹர் கிராண்ட்மதர்.’

இடம் மாறும் விதியைக் கவனியுங்கள். ‘டேக் ஓஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஓஃப்’ இரண்டும் சரி. ஆனால் இட், தெம் போன்ற குட்டிச் சொல் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘டேக் தெம் ஓஃப்.’ ‘டேக் ஓஃப் தெம்’ தவறு. டேக் ஆஃப்டருக்கு இந்த ஆட்டம் கிடையாது, எப்போதும் ‘ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹர்’தான்.

9. சரி பார்க்கும் முறை

ஆறாம் படிப் பட்டியலின் ஆங்கிலப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, தமிழ் வரியைப் பார்த்து உரக்கச் சொல்லுங்கள். எழுதிப் பார்ப்பது பிறகு. கவுன்டரில் நிற்கும்போது எழுதிப் பார்க்க நேரம் இருக்காது. அப்புறம் அதே வரியை டிட் போட்டுக் கேள்வியாக்குங்கள், ஹேவ் போட்டுச் சொல்லுங்கள். டுக்கும் டேக்கனும் இடம் மாறினால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஐந்தாம் படியைத் தனியாகப் பழக முடியாது. அண்ணனோ, தங்கச்சியோ, கூட்டாளியோ ஒருவர் விருந்தாளியாக நின்று அந்தக் கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்க வேண்டும். வேகமாகக் கேட்கச் சொல்லுங்கள். ‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் ‘நோ’ வருகிறதா என்று பாருங்கள், அதுதான் கடைசியாகப் பழகும்.

பேச்சின் நடுவே டேக் போடலாமா என்று சந்தேகம் வந்தால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது, யாராவது இங்கிருந்து அங்கே போகிறார்களா? நேரமோ வேறு ஏதாவதோ செலவாகிறதா? இரண்டும் இல்லை, நீங்கள் ‘பொருந்தும்’ என்று குறியிட்ட வரிசையிலும் இல்லை என்றால் டேக்கை விட்டுவிட்டு கெட்டையோ ஹேவையோ போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த வாக்கியத்தைக் கொப்பியில் சேர்த்து, அகராதியில் பார்த்து, மூன்றில் எந்தக் குறி என்று எழுதிவிடுங்கள்.